சுடும்போது மட்டும் கசியும் காற்று

எங்கள் பாடசாலையில் குறிபார்த்துச் சுடும் அணிக்கு நான்தான் பொறுப்பாசிரியர் என்றால் என் தங்கை இன்றும் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் படிப்பிப்பது மனைப்பொருளியல். ஹட்டனுக்கு வரும் பஸ் ஒருநாள் பிந்திவிட்டது, ஆசிரியர் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். யாரும் ஏற்றுக்கொள்ளாமல் கிடந்த அந்தப் பொறுப்பை அதிபர் என் தலையில் கட்டிவிட்டார். வந்தவள் கதவடியிலேயே நின்றிருந்தால் தப்பியிருக்கலாம், உட்கார்ந்தது என் தப்பு.

கொழும்பில் ஒரு கழகம் புதுத் துப்பாக்கிகள் வாங்கியபோது பழையது ஒன்றை எங்களுக்குத் தந்திருந்தது. வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். குழலுக்குக் கீழே காற்று உருளை, அதன் நுனியில் கைக்கடிகாரத்தின் முகம் அளவுக்கு ஓர் அழுத்தமானி. சைக்கிளுக்கு அடிப்பது போலக் கைப்பம்பால்தான் காற்றடிக்க வேண்டும். ஆனால் சைக்கிளுக்கு அடிப்பவர்கள் பாதியில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதில்லை. நான் வாங்கியிருக்கிறேன்.

அணி என்று பெயரே தவிர ஆள் ஒருத்திதான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் உயர்தர வகுப்புப் பெண். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கூட எழுந்து நிற்பாளே தவிர வாய் திறக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் வேறு ஆளாகிவிடுவாள். மாகாணப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தோம். உயர்தரத்தோடு பாடசாலை முடிந்துவிடும். தோட்டத்தில் யாரும் அவள் கையில் துப்பாக்கி கொடுக்கப்போவதில்லை. அவளுக்கு அதுதான் முதல் போட்டி, கடைசியும் அதுதான்.

போட்டி நெருங்கிய நேரத்தில் குண்டுகள் சிதறத் தொடங்கின. வலது இடது பிசகவில்லை. மேலும் கீழுமாக, சட்டையில் வரிசையாகப் பொத்தான் தைத்தது போல, ஒரே கோட்டில் துளைகள் விழுந்தன. அப்படி விழுந்தால் சுடுபவர் மூச்சை ஒழுங்காக அடக்கவில்லை என்று பயிற்சிக் கையேட்டில் போட்டிருந்தது. குண்டைத் தள்ளும் காற்றின் வேகம் சுடுதலுக்குச் சுடுதல் மாறினாலும் அப்படி விழலாம் என்று அதற்கடுத்த வரியில் போட்டிருந்தது. எது என்று யார் சொல்வது?

"என் மூச்சுதான் சரியில்ல டீச்சர்" என்றாள் அவள். அவளுக்கு எப்போதுமே குற்றம் தன் பக்கம்தான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். இருபது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்கு நடுவில் வேலை. கேஸ் அடுப்பிலிருந்து தையல் மெஷின் வரை அக்கம்பக்கத்தில் எது பழுதானாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். வேலை முடிந்த கையோடு வந்தார். உருளை நிறையக் காற்றடித்தார். சவுக்காரத் தண்ணியைத் தூரிகையால் எல்லா இணைப்பிலும் தடவி, ஒரு குமிழாவது வருகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தார். வரவில்லை. அழுத்தமானியின் முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, அதிபரின் அலுமாரியில் துப்பாக்கியை வைத்துப் பூட்டச் சொன்னார். மறுநாள் பார்த்தால் முள் கோட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது.

"ராத்திரிக் குளுருக்குக் காத்து சுருங்கும், அவ்வளவுதான். எங்கயும் கசிவு இல்ல" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "துப்பாக்கியில ஒரு பழுதும் இல்ல பாப்பா. நீதான் மூச்சப் புடிச்சுப் பழகணும்" என்றார். தொழிற்சாலைக்காரர்களுக்கே உரிய பெரிய குரல். நாங்கள் பயிற்சி செய்யும் மண்டபத்துக்கு வெளியே வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும்.

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் இடைவேளையில் வந்து, "என் பேர எடுத்துருங்க டீச்சர். பாடசாலைக்கு வெக்கமாப் போயிரும்" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று பொரிந்து தள்ளிவிட்டேன். ஒரு பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று தேங்காய் துருவியபடி கத்தினேன். முன்னறையில் அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கொஞ்சக் காலமாகவே இப்படித்தான். முகத்துக்கு நேரே போய் நின்றால்தான் பதில் வரும். கல்லில் முட்டிக்கொள்வது போல இருந்தது. கடைசியில் தொலைக்காட்சியை மறைத்து நின்று, "போயாவுக்கு லீவுதானே, இன்னொரு தடவ வந்து பாருங்க" என்றேன். "சரி" என்றார், அவ்வளவு நேரம் நான் எதுவுமே பேசாதது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன். பெயரை எடுப்பதென்றாலும் ஒரு தடவை சுட்டுவிட்டு எடு என்று கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன்.

போயா தினம், பௌர்ணமி விடுமுறை. விளையாட்டுச் சத்தம் இல்லை, மணி இல்லை, மழையும் இல்லாததால் தகரக் கூரை சும்மா இருந்தது. அந்த மண்டபத்தை அவ்வளவு அமைதியாக நான் கண்டதில்லை. அவள் வழக்கம்போலக் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். விசையை அழுத்தினாள். 'டப்' என்றது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டு மெல்லியதாக 'உஸ்' என்று ஒன்று வந்தது.

"காத்துப் போவுதுங்க. சுடுற நேரத்துல போவுது" என்றேன்.

"எங்க போவுது? ஒண்ணும் போகல."

இன்னொரு தடவை சுடச் சொன்னேன். அதே 'உஸ்'. அவள் கவசத்தைக் கழற்றிவிட்டு மறுபடி சுட்டாள். அவள் கண் விரிந்தது. "ஆமா அங்கிள், கேக்குது. குண்டு வைக்கிற எடத்துலதான்."

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டா ஆச்சா? காத வச்சுப் பாத்துட்டுத்தானே சொல்றேன். இல்லன்னா இல்ல" என்று அவர் குரலை உயர்த்தினார். அப்போதுதான் கவனித்தேன். அவள் பேசும்போது அவள் வாயைப் பார்த்தார், நான் பேசும்போது என் வாயைப் பார்த்தார். துப்பாக்கி சுட்டபோதும் எங்கள் முகங்களைத்தான் பார்த்தார். நாங்கள் எதைக் கேட்டோம் என்பதை எங்கள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தால் "நீயே பேசு" என்று என் கையில் கொடுப்பதும், தொலைக்காட்சியை ஊருக்கே கேட்க வைப்பதும், அடுப்படியிலிருந்து நான் கத்தியதெல்லாமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பாவி மனுசன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அதை அங்கே, அந்தப் பிள்ளை முன்னால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணியோடு தின்ன வாங்கிய பணிஸ் சுற்றி வந்த மெல்லிய தாளில் ஒரு துண்டைக் கிழித்து, குண்டு வைக்கும் திறப்பின் மேல் போட்டேன். "கண்ணால பாருங்க" என்றேன், அவர் முகத்துக்கு நேராக. அவள் சுட்டாள். தாள் துள்ளி எழுந்து தரையில் போய் விழுந்தது.

அவர் கையை நீட்டினார். துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்து, காற்றை வெளியேற்றிவிட்டு, பின்பக்கத்தைக் கழற்றினார். குண்டை உள்ளே தள்ளும் கம்பியின் நுனியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங். ஒரு பக்கம் தட்டையாகி, நகம் பட்டது போல வெட்டியிருந்தது. விசையை அழுத்தினால்தான் காற்று அந்த வழியாக வரும். அதனால்தான் உருளை இரவு முழுக்கக் காற்றை வைத்திருந்தது, சவுக்காரத் தண்ணியிலும் குமிழ் வரவில்லை. சுடும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு தடவை கொஞ்சம், ஒரு தடவை நிறைய என்று கசிந்து, குண்டு மேலேயும் கீழேயும் போயிருக்கிறது.

அவருடைய பையில் இருந்த டப்பாவில் அளவான வளையம் ஒன்று கிடைத்தது. துளி கிரீஸ் தடவி மாட்டினார். தாளை மறுபடி போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. காற்று முழுதும் இப்போது குண்டுக்கே போனதால் எல்லாம் குறிக்கு மேலே விழுந்தன. அவள் சுடச் சுட, அவர் குறிபார்க்கும் வளையத்தின் திருகை ஒவ்வொரு சொடுக்காக இறக்கினார். கடைசியில் குறி அட்டையை எடுத்துப் பார்த்தால், துளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நடுவில் ஒரே ஓட்டையாகக் கிழிந்திருந்தது. நான் கைதட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவர் பழைய வளையத்தைத் துணியில் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல், "இப்பதான் வெட்டியிருக்கும் போல. அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் அட்டையை மேசையில் வைத்தாள். "அப்ப போன வாரம் சுட்டதெல்லாம் என் பிழைதான். போட்டியிலயும் அப்படித்தானே வரும்" என்று தனக்குள் சொல்வது போலச் சொல்லிவிட்டு, சுடும்போது போடும் தடித்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"என்ன சொல்லுது புள்ள?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல், அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவராகச் சொன்னால் சொல்லட்டும், நான் இழுத்து வைத்துக் கேட்கப்போவதில்லை என்றுதான் இருந்தேன். உள்ளுக்குள் மட்டும், சொல்லிருங்க, சொல்லிருங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"பாப்பா, இங்க பாரு" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "இந்த ரிங் அன்னைக்கே போயிருந்துச்சு. ஒரு நாள்ல இப்படித் தட்டையாகாது. நீங்க ரெண்டு பேரும் கேட்ட சத்தம் எனக்குக் கேக்கல. அது மட்டும் இல்ல. கூரையில தூறல் விழுந்தாக் கேக்காது. பின்னால நின்னு பேசினாக் கேக்காது. ரொம்ப நாளாக் கேக்காது. தெரிஞ்சா மெஷின் பக்கத்துல விடமாட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. உங்க டீச்சர்கிட்ட கூட சொல்லல. பழுது எனக்கும் துப்பாக்கிக்குந்தான். உன் மூச்சுல ஒரு பிழையும் இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க நினைக்கவும் இல்லை.

அவள் பொத்தானில் வைத்த கையோடு அப்படியே நின்றாள். பிறகு, வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பிள்ளை மேசையைச் சுற்றி வந்து, அவர் காதருகே குனிந்து, மண்டபமே அதிரக் கத்தினாள்:

"அங்கிள்! நான் போட்டிக்குப் போறேன்!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "கேட்டுச்சு பாப்பா" என்றார், "நல்லாக் கேட்டுச்சு."