குதிரை விழ வேண்டிய மதியம்

என் மருமகளின் லேப்டாப் விசிறி முழு வேகத்தில் சுற்றினால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை தரையை விட்டு ஒரு சாண் எழும்பும். சரி, மேசை எழும்பாது. மேசை மேல் கிடக்கும் காகிதம் எழும்பும், அதுவும் ஓரம் மட்டும். ஆனால் சத்தத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் யாரோ ஓயாமல் தலைமுடி உலர்த்துகிற மாதிரி இருக்கும்.

அவளுக்கு இந்த வீட்டில் துறுதுறு என்று பெயர். பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவாள். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். அதைப் பிடித்து நிறுத்தினால் கட்டைவிரல் ஆடும். முன்பு தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தாள். எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி. அங்கிருந்து அவர்கள் அனுப்பினார்களா, இவளே ஓடிவந்தாளா என்று இன்றுவரை தெளிவாகத் தெரியாது.

அப்புறம் கிடைத்ததுதான் இந்த வேலை. இன்னும் கடைக்கு வராத கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டும். ஒரே சுவரில் நாள் முழுக்க மோதிக்கொண்டிருப்பாள், திரையில் வரும் ஆள் எங்காவது சுவருக்குள் புகுந்துவிடுகிறானா என்று. "உங்க மருமக வேலை பாக்குறாளா, விளையாடுறாளா?" என்று நாத்தனார் கேட்டாள். "உன் மகன் ஆபீஸ்ல பண்றதைத்தான் இவ வீட்டுல பண்றா" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இந்தக் கதை நடந்த நாளில் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்று மாதத் தேர்வுக்காலம் அன்று மதியத்தோடு முடிகிறது. அவள் எழுதி அனுப்பிய பெரிய கோளாறு ஒன்றே ஒன்று: குதிரையில் மரப்பாலத்தைக் கடக்கும்போது குதிரை பலகைக்குள் புகுந்து ஆற்றில் விழுகிறது. மற்றவர்கள் விளையாடிப் பார்த்தால் குதிரை ஒழுங்காகக் கடக்கிறது. "நேர்ல காட்டுங்க" என்று சொல்லிவிட்டார் அவள் குழுவின் தலைவி. இல்லாத கோளாறைச் சொன்ன ஒருவரை அவர் முந்தைய மாதம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

காணொளி அழைப்பு வந்தது. முக்கியமான நாளாயிற்றே என்று இவள் விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். பாலத்துக்குப் போனாள். குதிரை ராஜநடை போட்டுக் கடந்தது. திரும்ப வந்தாள். கடந்தது. ஓடவிட்டாள், பின்னோக்கி நடக்கவிட்டாள். அந்தக் கழுதை, அதாவது குதிரை, விழவே இல்லை.

"விழலையே?" என்றார் தலைவி.

"ஒரு நிமிஷம் மேடம்."

முழங்கால் ஆட்டத்தில் மேசையில் இருந்த தம்ளர் தண்ணீர் அலையடித்தது. நான் சமையலறை வாசலில் நின்று, கழுவிய தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவள் முழங்கால் நின்றது. திரையின் மூலையில் லேப்டாப்பின் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் எப்பவும் இதை விளையாடுறது எப்போ?"

"மாமா தூங்குறப்போ."

"அப்போ விசிறி?"

"குறைச்சுத்தானே வெப்பே?"

என் வீட்டுக்காரரின் மதியத் தூக்கத்துக்காக, கட்டுப்பாட்டுத் திரையில் விசிறி வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத்தான் இவள் வேலை பார்ப்பாள். விசிறி குறைந்தால் சூடு ஏறும். சூடு எல்லை தாண்டினால் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். படம் விக்கி விக்கி ஓடும். அந்த விக்கலில்தான் குதிரைக்குக் காலடியில் பலகை இல்லாமல் போகிறது.

அப்படியானால் கோளாறு விளையாட்டிலா, நம் லேப்டாப்பிலா? அவள் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

"மேடம், என் லேப்டாப் சூடானாத்தான் விழுது. விசிறியைக் குறைச்சுக் காட்டட்டுமா?"

"எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு. சீக்கிரம்."

விசிறியை இறக்கினாள். வீடு அமைதியானது. எண் அறுபத்தெட்டில் சோம்பலாக நின்றது. நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். சோபாவில் படுத்திருந்த என் வீட்டுக்காரரைத் தோளைத் தட்டி எழுப்பினேன். இரண்டாம் தட்டுக்குத்தான் எழுந்தார். விஷயத்தை ஜாடையில் சொன்னதும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து லேப்டாப்புக்கு அடியில் செருகப் போனார்.

"வேண்டாம் மாமா! காத்து போற வழியை அடைச்சா அது வேற கதை. விசிறி மட்டும்தான்."

எண்பது. எண்பத்தேழு. குதிரை பாலத்தில் போய்வந்துகொண்டே இருந்தது. தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு. விசைப்பலகையில் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம். படம் ஒருமுறை விக்கியது. குதிரை பாதிப் பாலத்தில், குளத்தில் போட்ட கல் மாதிரி உள்ளே போனது.

"விழுந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சல் அழைப்பில் கேட்டிருக்கிறது.

"யாரு அது?"

"என் மாமியார், மேடம்."

"அவங்க சந்தோஷப்படட்டும்" என்று சிரித்தார் தலைவி. "பக்கத்துல ஆள் தூங்குதுன்னு விசிறியைக் குறைச்சு விளையாடுறவங்க ஊர்ல எவ்வளவோ பேர். அவங்க குதிரை எல்லாம் விழும்ல? விசிறி வேகம், சூடு ரெண்டையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க எங்க ஆளு."

அழைப்பு முடிந்ததும் துறுதுறு வீட்டை ஒரு சுற்று ஓடிவந்தாள். பிறகுதான் விசிறிக்கு ஒரு நியாயமான ஏற்பாடு செய்தாள்: சூடு குறைவாக இருந்தால் மெதுவாக, ஏற ஏற வேகமாக, தானே கூடிக் குறையும்படி.

மாமனார் தூக்கத்துக்காக வேலையையே பணயம் வைத்தவள் இவள் என்று இந்தக் கதையை எழுதி முடித்து, நேற்று இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார்.

"தூங்குறப்போ நான் இதைக் கழட்டி வெச்சிடுவேன்மா. வீட்டுக்குள்ள லாரி வந்தாலும் எனக்குத் தெரியாது. சத்தம் தாங்கலைன்னு தினம் புலம்பினது உங்க அத்தைதான். டிவி சீரியல் கேக்கலையாம்."