பேர் அழிஞ்ச ரெண்டு மாம்பழப் பெட்டி

ஈரக் காட்போட், டீசல், அதுக்குள்ள பழுத்த மாம்பழம்... மூண்டும் சேர்ந்து வாற மணம் ஒண்டு இருக்கு. கொழும்பு வெள்ளவத்தையில பஸ் பார்சல் எடுக்கப் போனவையள் இதை வாசிச்சா ஓம் எண்டு தலையாட்டுவினம்.

ஏ.எல். சோதினை எழுதிப்போட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் நான் அப்பிடி ஒரு பார்சல் கடையில வேலை செய்தனான். காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற லேனில, ஒரு ஷட்டர் அளவு கடை. விடிய யாழ்ப்பாண பஸ் வந்து பெட்டியளை இறக்கிப்போட்டுப் போகும். பேரைப் பாத்து ஆக்களிட்டக் குடுக்கிறது என்ர வேலை.

மாம்பழ சீசன் வந்தா கடைக்குள்ள கால் வைக்க இடமில்லை. எனக்கு மட்டும் கொண்டாட்டம். காத்துப் போக வெட்டின ஓட்டையில மூக்கை வைச்சா உள்ள என்ன சாதி மாம்பழம் கிடக்கெண்டு சொல்லிப்போடுவன். விலாட் எண்டா மணம் முன்னுக்கே வந்து நிக்கும். அம்பலவி கொஞ்சம் வெக்கப்படும், கிட்டப் போகவேணும். எல்லாத்திலயும் பெரிய பேர் எடுத்த கறுத்தக்கொழும்பானுக்கு மூக்கே தேவையில்லை... லேன் தொங்கலில நிக்கேக்கயே தெரியும். பெருமைக்குச் சொல்லேல்ல, மணத்தில நான் ஒருக்காலும் பிழைச்சதில்லை.

ஆனா வாறவையளிட்ட "என்ன மாம்பழம்?" எண்டு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்.

"கறுத்தக்கொழும்பான் பிள்ளை, எங்கட வளவு மரம்."

பெட்டிக்குள்ள வேற சாதி மணக்கும். நான் சிரிச்சுக்கொண்டு குடுத்துவிடுவன். ஊரில இவ்வளவு கறுத்தக்கொழும்பான் நிண்டா மிச்ச மரமெல்லாம் ஆற்ற வளவில நிண்டது எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

ஒருநாள் வழி முழுக்க மழை. பஸ்சுக்கு மேல கட்டின ரெண்டு பெட்டியில மார்க்கரால எழுதின பேர் கரைஞ்சு நீலத் தண்ணியாப் போச்சு. அதுக்கு முதல் கிழமைதான் அவசரத்தில ஒராளின்ர பார்சலை மாறிக் குடுத்துப் பெரிய சண்டை. முதலாளி சிவாண்ணை அண்டைக்கே சொல்லிப்போட்டார்.

"இன்னொரு கொம்ப்ளெயின்ட் வந்தா அடுத்த நாள் வேலைக்கு வராத தங்கச்சி."

எனக்கு அந்த வேலை வேணும். வீட்டில வேற ஆரும் உழைக்கேல்ல அப்ப.

அந்த ரெண்டு பெட்டியையும் எடுக்க வந்தது ரெண்டு பேர். ஒராள் எங்கட லேன் ஃப்ளாட்டில இருந்த கணக்கு டீச்சர். அயன் பண்ணின சாறி, வெளியில த்ரீவீல் நிக்குது. மற்றவர் கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த ஒரு ஐயா. ஹார்பர் பக்கம் ஸ்டோர்சில வேலை, கட்டின சாரத்தோட வந்திருந்தார். என்ன மாம்பழம் எண்டு கேட்டன். ரெண்டு பேரும் கறுத்தக்கொழும்பான் எண்டிச்சினம்.

ரெண்டு பெட்டியிலயும் மூக்கை வைச்சன். ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான்தான், சந்தேகமே இல்லை. மற்றது... தெரியேல்ல.

அவையளைக் கேட்டுத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தன். வைக்கோலை விலக்கினா அதுவும் கரும்பச்சைத் தோல், அதே பருமன். கண்ணுக்கு அதுவும் கறுத்தக்கொழும்பான்தான். காம்படியில மணந்து பாத்தா பாலும் இஞ்சியும் கலந்த மாதிரி ஒரு மணம். நான் அதுவரைக்கும் மணந்து பாக்காத ஒண்டு.

உடன நானே ஒரு தீர்ப்பும் எழுதிப்போட்டன். நல்ல சாதிப் பழம் டீச்சர் வீட்டு மரமாத்தான் இருக்கும், இது சாரக்கார ஐயாவுக்கு. மாம்பழத்தைத் தோலைப் பாத்து எடுக்கக் கூடாதெண்டு எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்ச நான்தான் மனிசரை உடுப்பைப் பாத்து முடிவெடுத்தனான். நினைச்சா இப்பவும் வெக்கமாக் கிடக்கு.

கறுத்தக்கொழும்பான் பெட்டியைத் தூக்கி டீச்சற்ற கையில குடுக்கப் போறன், ஐயா மெல்லச் சொன்னார்.

"பிள்ளை, அந்தத் திறந்த பெட்டியில ஒரு துண்டு வெட்டித் தாவன். சாப்பிட்டாத் தெரியும்தானே."

கையில இருந்ததைக் கீழ வைச்சுப்போட்டு, திறந்த பெட்டியில நசுங்கின பழம் ஒண்டை எடுத்து வெட்டினன். மூண்டு பேரும் சாப்பிட்டம். முதல்ல பல்லைக் கூச வைக்கிற புளிப்பு. அது போகப் போக ஒரு இனிப்பு வந்து தொண்டையில நிக்குது. பிறகு வாய் முழுக்க நார்.

"இது எங்கட மரத்துப் பழம் இல்லை," எண்டார் ஐயா.

டீச்சர் கொட்டையைக் கையில எடுத்து, சாறு முழங்கை வரைக்கும் ஒழுக ஒழுகச் சூப்பிக்கொண்டு நிண்டா. "நோனா, இக்மனட என்ட!" எண்டு த்ரீவீல்காரன் கெதியா வரச்சொல்லிச் சிங்களத்தில அவசரப்படுத்துறான், அவாவுக்குக் காதில விழேல்ல. பின்னால பத்துப் பேர் லைனில. பாதிப் பேர் அவான்ர ஃப்ளாட் ஆக்கள், எங்கட வீட்டுக் கறுத்தக்கொழும்பான் எண்டு அவா வருஷக்கணக்காச் சொல்லிவைச்ச ஆக்கள்.

அவா வாய் பேசாமல் நல்ல பெட்டியைக் கொண்டு போயிருக்கலாம். நான் அதைத் திரும்பத் தூக்கி அவாவுக்கு நீட்டிக்கொண்டுதான் நிண்டனான்.

"இது என்ர பெட்டி," எண்டா. "கிணத்தடி மரம். பேரெல்லாம் இல்லை பிள்ளை... தன்ரபாட்டில முளைச்சது."

லைனில ஆரோ சிரிச்சினம். எனக்குத் தலை நிமிர்த்தேலாமப் போச்சு.

ஐயா என்ர கையில இருந்த தன்ர பெட்டியை வாங்கி நிலத்தில வைச்சு அவிழ்த்தார். நாலு கறுத்தக்கொழும்பானை எடுத்து டீச்சற்ற பெட்டிக்குள்ள வைச்சார்.

"டீச்சர், அதில எனக்கு நாலு தாங்கோ. இந்தப் பழம் கடையில வாங்கேலாது."

டீச்சர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சா. எட்டுக் குடுத்தா.

கொம்ப்ளெயின்ட் வரேல்ல. வேலையும் தப்பிச்சுது.

இப்ப நான் கல்கிசையில இருக்கிறன். பார்சலுக்கு ஃபோனில நம்பர் வருது, காட்டினா பெட்டி கையில. ஆரும் மாறிக் குடுக்கிறதில்லை, திறந்து பாக்கிறதுமில்லை. சுப்பர்மார்க்கெட்டில ஒவ்வொரு பழத்துக்கும் பேர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிக் கிடக்கு. நான் ஸ்டிக்கரை நம்புறதில்லை, மூக்கைத்தான் நம்புறன். பேர் பிழையெண்டு ரெண்டு தரம் மனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லியும் இருக்கிறன்... அந்த நேரம் என்ர மனிசன் என்னைத் தெரியாத மாதிரித் தள்ளிப் போய் வெங்காயம் பாப்பார்.

டீச்சர் பிறகு கனடாவுக்குப் போயிட்டா. கிணத்தடி மரம் நிக்குதோ தெரியாது. எனக்கு அதை இன்னொருக்காச் சாப்பிடவேணும். கறுத்தக்கொழும்பான் எண்டா ஃபோன் எடுத்து ஓடர் பண்ணலாம். இதை நான் என்ன பேர் சொல்லிக் கேக்கிறது?