பொட்டிக்கு நான் வைத்த பெயர்

யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

மஞ்சக்குப்பத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஸ்கேன் சென்டர், லேப், பள்ளிக்கூடம் என்று வாடிக்கையாளர்கள். எல்லா ஃபைல்களையும் வைத்திருக்கும் நடுக் கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை, எங்கள் பக்கத்தில் யாரும் சர்வர் என்று சொல்வதில்லை. "பொட்டி ஓடலப்பா, சீக்கிரம் வா" என்றுதான் போன் வரும். அதனால் முதல் சர்வரை அமைத்தபோது, மற்ற கம்ப்யூட்டர்கள் அதைக் கூப்பிட ஒரு பெயர் தேவைப்பட்டதும், அந்தப் பெயரின் கடைசியில் 'டாட் பாக்ஸ்' என்று போட்டேன். டாட் காம் உண்டு, டாட் இன் உண்டு. டாட் பாக்ஸ் என்று உலகத்தில் எதுவும் அப்போது கிடையாது. பெயரின் முன்பாதியை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் நாலு பேர் போய்த் தட்டிப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியாதா!

அந்த முதல் சர்வரின் டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துத்தான் எல்லா இடத்திலும் போட்டோம். ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து முதலிலிருந்து அமைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? எல்லா வீட்டிலும் ஒரு பாப்பா இருக்கிற மாதிரி, எல்லா இடத்திலும் அதே பெயர். வீட்டுக்குள் கூப்பிட்டால் அந்த வீட்டுப் பாப்பா வரும். ஒரு குழப்பமும் இல்லை.

ஒருநாள் சிதம்பரம் ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா, வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் புதிதாக ஏதோ எரர் வருகிறது என்றார். போய்ப் பார்த்தேன். அந்த லேப்டாப்பிலிருந்து பொட்டியின் பெயரைக் கூப்பிட்டால் 127.0.53.53 என்று பதில் வந்தது. அப்படி ஓர் எண்ணை நான் யாருக்கும் கொடுத்ததே இல்லை. தேடிப் படித்தேன். டாட் பாக்ஸை உலகத்துக்கே திறந்துவிடப் போகிறார்கள். உள்ளுக்குள் அதை வைத்திருப்பவர்கள் சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிற எச்சரிக்கை அந்த எண்.

சென்டருக்குள் இருக்கும்வரை லேப்டாப் எங்கள் பொட்டியைக் கூப்பிடும். வீட்டுக்குப் போனால் அதே பெயரை வெளி இணையத்தில் கூப்பிடும். பொட்டி நின்றுபோனால் உள்ளே இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று "பாப்பா" என்று கத்தினால் எவன் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் இல்லையா? எவனோ ஒருவன் அந்தப் பெயரை வாங்கிவிட்டால், லேப்டாப் அவனைப் பொட்டி என்று நம்பி பாஸ்வேர்டை நீட்டிவிடலாம். பொட்டிக்குள் இருப்பது என்ன? கர்ப்பிணிகளின் ஸ்கேன். புருஷனிடம்கூடச் சொல்லாத நோய்களின் ரிப்போர்ட்.

"ஓடுற பொட்டிய ஏன் தம்பி நோண்டுற? பேஷன்ட்டுங்க வெளிய நிக்கிறாங்க" என்றார் டாக்டரம்மா. போன இடமெல்லாம் இதே பாட்டு. பெயரை மாற்றினால் ஒருநாள் வேலை நிற்கும், யார் சம்மதிப்பார்கள்? சில இடங்களில் கெஞ்சி மாற்றினேன். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வருஷங்கள் ஓடின. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கும்போதுகூட அந்த எண் ஞாபகம் வரும்.

பிறகு ஒரு மத்தியானம், டாட் பாக்ஸில் இனி யார் வேண்டுமானாலும் பெயர் வாங்கலாம் என்று போனில் படித்தேன். கடையில் உட்கார்ந்து, பொட்டிக்கு நான் வைத்த பெயரை அடித்துத் தேடினேன். இன்னும் யாரும் எடுக்கவில்லை. பணம் கட்டப் போனால் ஓடிபி செம்மண்டலத்தில் வீட்டிலிருக்கும் மனைவியின் போனுக்குப் போய்விட்டது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"அத சொல்லு, சீக்கிரம்!"

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்ருக்காங்களே."

"அடியே, நான்தான்டி!"

சிரித்துவிட்டுச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிபியை அடித்தேன், பெயர் என் கைக்கு வந்தது.

"அதான் வாங்கியாச்சில்ல மாமா, வுடு" என்றான் மச்சான்.

விட்டிருக்கலாம். ஆனால் யார் யார் இன்னும் வெளியில் நின்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? கதவைத் திறக்காமல், தட்டுகிற கம்ப்யூட்டர்களின் பெயர்கள் மட்டும் பதிவாகிற மாதிரி செய்து வைத்தேன். நான் மாற்றாமல் விட்ட ஐந்தாறு இடங்கள்தான் வரும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் திரை கொள்ளாமல் பட்டியல். ஃபார்மசி, ஐசியூ, எக்ஸ்ரே, ஹெச்.எம். ரூம். பாதிக்கு மேல் நான் காலே வைக்காத இடங்கள்.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தான்.

"நல்லா ஓடுதேன்னு கூடப் படிச்ச பசங்களுக்கு அந்த டிஸ்க்கக் காப்பி போட்டுக் குடுத்தேன் மாமா. அவுங்க யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

அறையலாம் போல இருந்தது. ஆனால் காப்பி போடுவதை அவனுக்குப் பழக்கியதே நான்தானே? அந்தப் பசங்களைத் தேடினோம். இரண்டு பேர் துபாயில், ஒருவன் மெட்ராஸில். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரே ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தோம். மற்றவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. ஊர் தெரியாதவர்களுக்குப் போய் எப்படிச் சொல்வது? பெயரை நான் கையில் வைத்திருக்கும்வரை அவர்களுக்கு ஆபத்தில்லை. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டால் எவனும் வாங்கலாம்.

போன மாதம் மனைவியை உட்காரவைத்து, அந்தப் பெயரை எப்படிப் புதுப்பிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று சொன்னதும் முறைத்தாள்.

"எத்தினி வருஷத்துக்குக் கட்டணும்?"

"பத்து வருஷத்துக்கு மேல முன்கூட்டிக் கட்ட வுடமாட்டான்."

"அதுக்குள்ள அந்தப் பொட்டியெல்லாம் பழசாயி, தூக்கிப் போட்ருவாங்க இல்ல?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். அவளுக்குச் சொன்னதை நானும் நம்பிக்கொண்டேன். இன்று காலையில் பட்டியலைத் திறந்தால், இதுவரை வராத ஒரு பெயர்: பிரசவ வார்டு, கம்ப்யூட்டர் இரண்டு. புதிதாக வைத்த மெஷினாகத்தான் இருக்க வேண்டும். யாரோ இன்னமும் என் டிஸ்க்கைக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.