திரி இல்லாத காது

சாத்தூர் ரயில் நிலையம். வண்டி தாமதம். உடையாமல் வந்திருக்கின்றனவா என்று பார்க்க, பையிலிருந்து இரண்டு பிளாஸ்டர் வார்ப்புகளை எடுத்து பெஞ்சில் வைக்கிறேன். பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா; கழுவிய பிறகும் கையில் அலுமினியப் பவுடர் மினுங்குகிறது.

“இது என்ன தாயி, புது வெரைட்டியா? திரி எங்கன வைப்பீக?”

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இலைதழை தின்ற இரண்டு டைனோசர்களின் மண்டையோட்டுக்குள் மூளையும் உட்காதும் இருந்த குழிகளின் வடிவம் என்கிறேன். உரக்கச் சொல்லச் சொல்கிறார். வெடிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதாம்.

இதற்கு உட்காதில் சமநிலை காக்கும் வளையங்கள் பெரியவை, தலையைச் சட்டென்று திருப்பியிருக்கும். மற்றது நிதானமாகத்தான் திருப்பியிருக்கும் என்று காட்டுகிறேன். கேட்கும் குழல் மட்டும் இரண்டுக்குமே குட்டை.

“குட்டி கூப்புட்டா கேட்டிருக்குமா?”

“கனமான சத்தம் கேட்டிருக்கும். குட்டியோட கீச்சுக்குரல் சந்தேகந்தாம்மா.”

குழலை விரலால் தடவுகிறார். அதில் பவுடரின் வெள்ளி மினுக்கு ஒட்டுகிறது.

“அப்ப எம்மவ மாதிரி கிட்ட வந்து தொட்டுத்தான் கூப்புட்டிருக்கும்.”

ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய பெண்குரல் எங்கள் வண்டியை அறிவிக்கிறது. அவர் வார்ப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் அவர் தோளைத் தொடுகிறேன்.