“இப்படியே போனால்” என்பதை விழுங்கியவர்கள்

1. ஒரு கோடு போதும்

“மூணு கோடு எதுக்கு மிஸ்? மேலிடத்துல கேட்டா நான் எந்தக் கோட்டைக் காட்டுறது? ஒண்ணு சொல்லுங்க.”

எங்கள் கல்வி அலுவலகப் பணிப்பாளர் இப்படிக் கேட்டபோது என் ஸ்லைடு சுவரில்தான் இருந்தது. நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசன் என்கிற பகுதியில் ஐந்தாம் தரம் வரை ஒரு பள்ளிக்கூடம். அதற்குப் புதுக் கட்டடம் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும். வரும் ஆண்டுகளில் அங்கே எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று குடித்தொகை புரொஜெக்ஷன் போட்டவள் நான்.

புரொஜெக்ஷன் ஜோசியம் இல்லை. இன்றைக்கு நடப்பது இப்படியே போனால் நாளைக்கு இவ்வளவு பேர் என்கிற கணக்கு, அவ்வளவுதான். கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போனால் கீழ்க்கோடு. லயத்து வரிசை வீடுகளில் சொந்தக்காரர்களிடம் விட்டுப் போனால் மேல்கோடு. இரண்டும் கலந்தால் நடுக்கோடு. எங்கள் தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் போவார்கள். லயத்தில் பிறந்த எனக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்க்கோடு நடக்க வாய்ப்புக் குறைவு என்று வாயாலும் சொன்னேன், அறிக்கையிலும் எழுதினேன்.

“சேஃபா கீழ்க்கோட்டையே போடுவோம். கட்டடத்தக் கட்டிட்டுப் புள்ள இல்லாட்டி என் தலைதான் உருளும்.”

“சேர், அப்ப ‘இப்படியே போனா’ங்கிறதயாவது மேல போடுங்க.”

“அதெல்லாம் யாரு வாசிக்கிறா மிஸ்?”

மற்ற இரண்டு கோட்டையும் என் கண் முன்னாலேயே அழித்தார். அவருடைய நாற்காலி பத்திரமாக இருந்தால் போதும், பிள்ளைகள் எக்கேடு கெட்டால் என்ன! கட்டடம் இல்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று.

2. பெரட்டில் சொன்னது

தோட்டத்தில் எந்த அறிவிப்பும் பெரட்டில்தான். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற அந்த இடத்தில், வேலை பிரிக்கிற அதே குரலில், தோட்டத்து மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளை இதையும் சொல்லிவிட்டார்: “இன்னும் கொஞ்ச வருசத்துல நம்ம ஸ்கூலுக்குப் புள்ளயே இருக்காதாம். கவர்மெண்டு கணக்குப் போட்டிருச்சு.”

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வந்ததே ஒற்றைக் கோடு. ஆனால் பெரட்டில் சொன்னால் அது உத்தரவு. இன்றைக்கு இந்த மலை என்றால் அந்த மலைக்குத்தான் போக வேண்டும், ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது. சனம் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

கேள்விப்பட்டு ஓடினேன். பள்ளிக்கூட அதிபர் பெற்றோரைக் கூட்டித் தந்தார். ஸ்லைடு கொண்டு போகவில்லை. “கொழும்புக்குப் போனவங்க புள்ளைங்க யாருகிட்ட இருக்கு? உங்ககிட்டத்தானே? நீங்க இங்க சேத்தா ஸ்கூல் நிக்கும். சேக்காட்டித்தான் இல்லாமப் போகும்” என்றேன்.

கொழுந்து எடுக்கிற லெட்சுமி எழுந்து நின்றாள். மகளைத் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டியவள். “நீங்க சொல்றது வெளங்குது மிஸ். ஆனா மத்தவங்கல்லாம் டவுன் ஸ்கூல்ல பதிஞ்சிட்டாங்க. எம்புள்ள ஒத்தையா உக்காந்து என்னத்தப் படிக்கும்? மூட மாட்டாங்கன்னு எழுதித் தருவீங்களா?”

என்னால் தர முடியாது. கணக்கு மட்டும்தான் என்னுடையது.

கூட்டம் கலைந்ததும் அதிபர் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “இதை அங்கை கந்தோரிலை பணிப்பாளரிட்டை சொல்லியிருக்கலாமே, மிஸ்?”

“சொன்னேன் சேர்.”

“பிறகேன் ஒருத்தருக்கும் கேக்கேல்லை?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம்?

3. பாராட்டு

புது வருடத்தில் தரம் ஒன்றுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. கொஞ்ச நாளில் மற்ற வகுப்புகளையும் டவுன் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். மேல் டிவிசனுக்கு பஸ் இல்லாததால் லெட்சுமி மகளை ஹட்டனில் இருக்கும் தங்கச்சி வீட்டில் விட்டாள். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கண்டபோது சொன்னாள்: “ஞாயித்துக்கெழம பாக்கப் போனா, கையப் புடிச்சுக்கிட்டு ‘நீங்க எப்பம்மா போவீங்க’ன்னு கேக்குது மிஸ்.” சொல்லிவிட்டு அழவும் இல்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மீளாய்வுக் கூட்டத்தில் பணிப்பாளர் என்னை எழுப்பி நிறுத்தினார். “மிஸ்ஸோட புரொஜெக்ஷனப் பாத்தீங்களா? அப்படியே வந்திருச்சு! அவ்வளவு அக்கியூரேட்!” எல்லாரும் கை தட்டினார்கள்.

“அது தானா வரல சேர். நீங்க காட்டுன கோட்டப் பாத்துட்டுத்தான் சனம் போச்சு.”

பணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அறிக்கை மேலே போவதற்கு முன்னால், அந்தக் கணக்குக்குள் இருக்கிறவர்களிடம் போய், அவர்களுடைய பேச்சில், “இப்படியே போனால்” என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அனுமதி கிடைக்காது. கேட்காமலே போங்கள். நான் அதற்குப் பிறகு அப்படித்தான் போனேன், ஏச்சும் வாங்கினேன். உங்கள் கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று யாராவது கை கொடுத்தால் உடனே பல்லைக் காட்டாதீர்கள். அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு எந்தத் தாய் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட்டாள் என்று முதலில் விசாரியுங்கள்.