ஜூடித் தைத்த இலைப்பைகள்

விவேக் நகரில் ஜூடித்துக்குப் பயப்படாத தையல்காரர் ஒருவரும் இல்லை. தெருவில் எதிரே வருகிறவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இத யாருகிட்ட தச்சீங்க? காஜாகூட ஒழுங்கா எடுக்கல" என்று கேட்கிற ஆள் அவள். பூசையில் எல்லோரும் தலை குனிந்திருக்கும்போதும் அவள் கண் ஃபாதரின் அங்கி ஓரத்தில்தான் இருக்கும். அந்த அங்கியைத் தைத்தவளும் அவள்தான், அது வேறு விஷயம்.

நான் ஆஞ்சலா. குழந்தை இயேசு கோவிலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும் விற்கிறேன். அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அவள் தும்மினால் நான் 'ஆண்டவரே' என்பேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டவள். பஸ் டிப்போ மெக்கானிக் கில்பர்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது கூடவே வந்த மிஷின்தான் இன்றும் ஓடுகிறது. அந்த மிஷினை வைத்தே ஒரே மகள் லீனாவைப் படிக்க வைத்து, சந்தாபுராவில் கட்டிக் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் தைத்தது எதுவும் தையல் விட்டு வந்ததில்லை. இது அவள் அடிக்கிற பெருமை மட்டுமில்லை, நான் கண்ணால் பார்த்த உண்மை. துணி கிழிந்து வந்திருக்கிறது, தையல் விட்டு வந்ததில்லை. அதற்கு அவள் சொல்லும் காரணம் பருத்தி நூல். ஊரெல்லாம் பாலியெஸ்டருக்கு மாறிய பிறகும் அவள் மட்டும் சிக்பேட்டைக்குப் போய்ப் பருத்தி நூல்தான் வாங்கி வருவாள். "பாலியெஸ்டர் பளபளன்னு பல்லக் காட்டும், துணிய அறுத்துடும்" என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் பார்கவி வந்து சேர்ந்தாள். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். தோளில் பை, காலில் காய்ந்த சேறு. கொசுவலையைவிட நெருக்கமான ஒரு நைலான் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதில் உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னப் பைகள் வேண்டுமாம், நிறைய.

"கொசுவலையில தலகாணியா?" என்றாள் ஜூடித். "யாருக்கு, எலிக்கா?"

"இலைக்கு ஆன்ட்டி. உள்ள காஞ்ச புங்க இலைய எடை போட்டு வச்சு, ஓடையில கட்டி விடுவேன். மண்ணுலயும் பொதைப்பேன். இந்த வலையில புழு, நண்டு எதுவும் பூர முடியாது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் பூஞ்சையும் மட்டுந்தான் போகும். அதுங்க எவ்ளோ தின்னுச்சுன்னு திரும்ப எடை போட்டுப் பாக்கணும். தையல் மட்டும் கெட்டியா இருக்கணும் ஆன்ட்டி, தண்ணியில ரொம்ப நாள் கெடக்கும்."

கெட்டியா என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜூடித் சிரித்தாள். எனக்கே அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த அரைமணி நேரம் அவள் பருத்தி நூல் புராணத்தைக் கேட்க வேண்டியிருந்ததே! பாதியிலேயே காதை மூடிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பைகளைப் போட ஓர் ஓடையும் ஒரு கேழ்வரகு வயலும் பார்கவிக்குக் கிடைத்துவிட்டன. ஊருக்குள் மழைநீரையும் சாக்கடையையும் சுமந்து ஓடும் ராஜகால்வாயில் ஓர் இடம்தான் கிடைக்கவில்லை. எங்கே கட்டினாலும் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். "எங்க லீனா வூட்டுச் செவுத்துக்குப் பின்னாலதான் கால்வாய் ஓடுது, அங்க கட்டு" என்றாள் ஜூடித். "எவனாவது கை வச்சான்னா அவ ஜன்னல்லேர்ந்தே கத்துவா. என் பொண்ணாச்சே." இப்படித்தான் லீனாவும் ஆராய்ச்சிக்குள் வந்தாள்.

கிறிஸ்மஸ் தையல் அவசரமெல்லாம் முடிந்த ஒரு நாள் பார்கவி மறுபடி வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் ஜூடித்தின் பைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஓடையிலிருந்து எடுத்தவை, வயலிலிருந்து எடுத்தவை, எல்லாமே அப்படித்தான். உள்ளே இலை இல்லை. இலையை எடை போட முடியாவிட்டால் இவ்வளவு நாள் செய்த வேலை வீண். பேராசிரியர், "இன்னொரு தடவை இப்படி ஆனா உன் பட்டம் கஷ்டம்" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஜூடித் பைகளைத் தொடவே இல்லை. "என் தையல் பிரியாது" என்றாள். "யாரோ அறுத்திருக்காங்க."

"ஆன்ட்டி..."

"நண்டா இருக்கும். இல்ல, எவனாவது போக்கிரிப் பய. வா, போய்ப் பாக்கலாம். ஆஞ்சி, நீயும் கெளம்பு!"

நான் எதற்கு என்று கேட்கவில்லை. ஜூடித்தின் பெயர் கெடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. உண்மையைச் சொன்னால், அவள் நண்டோடு சண்டை போடுவதைப் பார்க்கவும் ஆசையாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து பார்கவியின் ஜீப்பில் கிளம்பினோம். புளிசாதம் என் பொறுப்பு. ஆனேக்கல் தாண்டி, மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடை. கூழாங்கற்கள் தெரிகிற தண்ணீர். ஜூடித் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். ஒரு நண்டு வெளியே வந்தது. "இதோ! இவன்தான்!" என்று கத்தினாள். நண்டு அவளைப் பார்த்ததும் கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது. எந்தத் தையல்காரராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஓடையில் இன்னும் மிச்சமிருந்த ஒரு பையைப் பார்கவி மெல்லத் தூக்கினாள். ஒரு மூலையில் மட்டும் தையல் தொங்கிக்கொண்டிருந்தது. நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வெந்த சேமியா போல அறுந்து வந்தது. அவள் நூலைப் பார்த்தாள், பிறகு ஜூடித்தைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது என்ன நூல்?"

"ஒரிஜினல் பருத்தி! வேற என்னாத்த போடுவேன்?"

பார்கவி அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "நைலான் நூல்னு நான் சொல்லவே இல்ல. கெட்டியான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். ஆன்ட்டி, பருத்தியும் செடிதானே! அதுங்களுக்கு இலையும் ஒண்ணுதான், உங்க நூலும் ஒண்ணுதான். ரெண்டையும் சேத்துத் தின்னுடுச்சுங்க."

"தின்னுட்டு?"

"கொஞ்சம் கார்பனை நம்ம மாதிரியே மூச்சா வெளிய விட்டுடும். மிச்சத்துல அதுங்க வளரும். இலைக்குள்ள பூட்டி வச்சிருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் தண்ணிக்கும் மண்ணுக்கும் திரும்பிடும். அதத்தான் அடுத்த செடி எடுத்துக்கும். அதுங்க இல்லன்னா போன வருஷத்து இலை, அதுக்கு முந்தின வருஷத்து இலை எல்லாம் அப்படியே குவிஞ்சு கெடக்கும். மரத்துக்குப் புதுசா ஒரு தளிர் விடக்கூட சத்து இருக்காது."

ஜூடித் தண்ணீரில் நின்றபடியே யோசித்தாள். "அப்போ என் நூலும் மரத்துக்குச் சோறா?"

"ஆமா ஆன்ட்டி."

"சிக்பேட்டைல அவன்கிட்ட அவ்ளோ பேரம் பேசி வாங்கினேன்" என்றாள் வருத்தமாக. ஆனாலும் குற்றவாளி அகப்பட்டதில் அவளுக்குப் பாதி நிம்மதி. எல்லாப் பைகளையும் நைலான் நூலில் இலவசமாகத் தைத்துத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் லீனா வீட்டுக்குப் போனோம். கால்வாயில் கட்டிய பைகளைப் பார்கவி இன்னும் எடுக்கவில்லை. கொல்லைச் சுவரைத் தாண்டிக் கயிற்றை இழுத்தாள். பைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. மூலைத் தையல், இரட்டைத் தையல், எல்லாம் நேற்றுத்தான் மிஷினிலிருந்து இறங்கியது போல இருந்தன.

ஜூடித்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பையை வாங்கி, இரண்டு கையாலும் இழு இழு என்று இழுத்தாள். அசையவில்லை. "பாத்தியா! பாத்தியாடி ஆஞ்சி! நான் சொன்னேன் இல்ல!" என்று கொல்லையில் ஒரு சுற்று சுற்றினாள்.

பார்கவி சிரிக்கவில்லை. ஒரு பையை வெட்டினாள். உள்ளே புங்க இலைகள் முழுசாகக் கிடந்தன. கறுத்திருந்தன, அவ்வளவுதான். குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். லேசான மயில்துத்த நீலம். மூக்கில் ஏறுகிற நெடி.

"ஆன்ட்டி, சாதாரண சாக்கடையில போட்டிருந்தாக்கூட இது எப்பவோ அறுந்திருக்கும். இங்க தின்ன ஆளே இல்ல. மேல எங்கியோ உலோகத்துக்கு முலாம் பூசுற ஷெட்டுக் கழிவு வருதுன்னு நெனைக்கிறேன். இந்தத் தண்ணி செத்துப்போச்சு. அதனாலதான் உங்க தையல் நிக்குது."

சுவரோரம் லீனா போட்டிருந்த கீரைப் பாத்தி இருந்தது. மஞ்சளடித்து, குட்டையாக நின்றது. அதற்கு அவள் ஊற்றியது இந்தக் கால்வாய்த் தண்ணீர்தான். ஊர் சாக்கடைத் தண்ணீரில் கீரை நன்றாக வரும் என்று யாரோ சொன்னார்களாம். 'உனக்குக் கைராசி இல்ல' என்று ஜூடித் மகளைக் கேலி செய்யாத நாளில்லை. அந்தக் கீரையைத்தான் லீனாவின் மூன்று வயது மகளுக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூடித் பையைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, பாத்தியில் இருந்த கீரை மொத்தத்தையும் வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

மறுநாளே லீனா குழந்தையை டாக்டரிடம் காட்டினாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கீரையை மட்டும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஜூடித் நிற்கவில்லை. பார்கவி எழுதிக் கொடுத்த இரண்டு பக்க அறிக்கையோடும், இரண்டு பைகளோடும், என்னையும் இழுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியைப் பார்க்கப் போனாள்.

"ஏனம்மா, என்ன கம்ப்ளெயின்ட்?" என்றார் அவர்.

"என் தையல் பிரியல சார். அதான் கம்ப்ளெயின்ட்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பிரியலைன்னா ஒள்ளேதுதானே அம்மா?"

"ஒள்ளேது இல்ல சார், நல்லதே இல்ல. பாருங்க, இது ஓடையில போட்டது. பிரிஞ்சிடுச்சு. இது உசுரோட இருக்கிற தண்ணி. இது எங்க கால்வாயில போட்டது. இழுத்துப் பாருங்க. சும்மா பாக்காதீங்க, இழுங்க!"

மனிதர் இழுத்தார். பக்கத்து மேஜைக்காரரும் வந்து இழுத்தார். பிறகு அறிக்கையைப் படித்தார்கள். நல்ல மனிதர்கள், சிரித்தபடியே படிக்க ஆரம்பித்தவர்கள் சிரிக்காமல் முடித்தார்கள். தண்ணீரை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். மேலே இருந்த ஷெட்டுகளைத் தேடிப் பிடித்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் கால்வாயில் விட்டிருந்த குழாய்களை அடைத்து சிமென்ட் பூசினார்கள்.

இதற்கிடையில் நைலான் நூலில் தைத்த பார்கவியின் பைகள் தயாராகி, ஓடையிலும் வயலிலும் கால்வாயிலும் இறங்கின. நைலான் நூல் வழுக்குகிறது, முடிச்சு நிற்கவில்லை, சனியன் என்று திட்டிக்கொண்டே ஜூடித் தைத்தாள். அவை பிரியவில்லை. பார்கவிக்கு எடை போட இலை கிடைத்தது. பேராசிரியர் சிரித்தார் என்று வந்து சொன்னாள், கேக்கும் வாங்கி வந்தாள்.

ஜூடித் மட்டும் அத்தோடு விடவில்லை. மிச்சமிருந்த வலையில் பழையபடி பருத்தி நூலில் பைகள் தைத்து, இலை வைத்து, லீனா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் கால்வாயில் தானே போய்க் கட்டினாள். அவ்வப்போது ஒன்றை எடுத்துப் பார்ப்பாள். மழை கால்வாயை அடித்துக் கழுவிக்கொண்டு போனது. பை பிரியவில்லை. அடுத்ததும் பிரியவில்லை. அந்த நாட்களில் அவளிடம் துணி கொடுக்க வந்தவர்கள் பாவம் செய்தவர்கள். அளவு எடுக்கும்போதே கடித்துத் துப்பினாள்.

"நேத்து வரைக்கும் பிரியக்கூடாதுன்னு ஜெபம் பண்ண" என்று தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன். "இப்போ பிரியணும்னு பண்ற. மேல இருக்கிறவரு கொழம்பிப் போயிடுவாரு."

"நீ உன் மெழுகுவத்திய பாரு" என்றாள். குரல் உடைந்திருந்தது. அதன்பிறகு நான் கேலி செய்யவில்லை. அவளுக்குத் தெரியாமல் நானும் அதே ஜெபத்தைச் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை. நவநாள் ஜெபக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மெழுகுவர்த்தி கொடுக்க எனக்குக் கை போதவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜூடித் வந்தாள். சந்தாபுரா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. புடவை முந்தானை நனைந்திருந்தது. கையில் ஒரு வலைப்பை. அதன் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து தொங்கியது. நூல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இலை இல்லை, நரம்பு மட்டும் இரண்டு மிச்சம். என் கல்லாப் பெட்டிமேல் அந்தப் பையை வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். நானும் வாங்க வந்தவர்களை மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் பையை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "ஐயையோ, தையல் மொத்தமா விட்டுப்போச்சே! எந்த டைலர்கிட்ட குடுத்தீங்க?"

ஜூடித் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நான்தாம்மா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "நானே தச்சது!"