மனோகரன் எழுதிய ஆய்வேடு

திருவொற்றியூர்க் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் குணசுந்தரி உதவியாளர். முனைவர் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அங்கே அவளை யாரும் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை, ஏசி ரிமோட் எங்கே என்று கேட்கத்தான் கூப்பிடுவார்கள்.

ஆய்வேடுகளைத் தேடித்தரும் டேட்டாபேஸ் மூன்றையும் ஓட்டிப் பார்த்து, கல்லூரி வாங்க எது தேவலை என்று எழுதித்தரும் வேலை அவள் தலையில் விழுந்தது. சோதிக்க அவளுக்கு உருப்படியாகத் தெரிந்த ஆய்வேடு ஒன்றே ஒன்றுதான், அவளுடையது. எண்ணூர்க் கழிமுகத்து இறால்களைப் பற்றியது. ஆறு வருடம் உயிரைக் கொடுத்து எழுதியதை யாராவது ஒருத்தர் படித்திருப்பாரா என்ற ஏக்கமும் உள்ளே இருந்தது.

முதல் தளத்தில் சட்டென்று வந்தது. பார்த்தவர் ஒருவர் என்றது. அந்த ஒருவர், இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் அவளேதான். இரண்டாவதில் ஆய்வேடே இல்லை. மூன்றாவதில் அவள் பெயரைத் தட்டினால் ஒன்றுமில்லை. தலைப்பைத் தட்டினால் வந்தது. எழுதியவர்: மனோகரன், கு.

மனோகரன் அவளுடைய அப்பா. எழுத்து வாசனை இல்லாத மீனவர். ஆய்வுக்கு இறால் பிடிக்கவும் தண்ணீர் மொள்ளவும் தன் ஃபைபர் போட்டில் அவளைக் கூட்டிப்போனவர். ஆய்வேட்டின் அட்டை அச்சாகும்போது வந்து நின்றார். ம. குணசுந்தரி என்பதில் அந்த ‘ம’தான் அவர் என்று காட்டினாள்.

“இன்னா கண்ணு, நானு வெறும் ஒரு எழுத்தாவா கீறேன்? முழுசா போடேன்.”

குணசுந்தரி மனோகரன் என்று போட்டாள். பட்டம் கைக்கு வருமுன் நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார். அம்மா அதற்கும் முன்பே இல்லை. விம்கோ நகர் வாடகை வீட்டில் இப்போது அவளும் ஒரு குக்கரும்தான்.

வெள்ளைக்கார வழக்கப்படி கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டது அந்தத் தளம். கீழே, கொச்சியில் ஷிஜி என்றொரு மாணவி அதை மேற்கோள் காட்டியிருந்தாள்: ‘மனோகரன் நுணுக்கமாக எழுதியிருக்கிறார்.’

குணசுந்தரி வாய்விட்டுச் சிரித்தாள். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தாள். இதைக் கேட்டுக் குதிக்கக்கூடிய ஒரே ஆளுக்குப் போன் போட முடியாது. நூலகர் ஷெர்லினிடம் போனாள்.

“மேடம், எங்க நைனா டாக்டராயிட்டாரு!”

ஷெர்லின் எட்டிப் பார்த்தார். “தப்பால்லா வந்திருக்கு? ரிப்போர்ட்ல எழுதிருங்க. நாளைக்கு நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் இதே கதிதான?”

நியாயம்தான். ஆனாலும் ஒரு வாரம் எழுதவில்லை. தினமும் சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு எழுதிக் கொடுத்தாள். கம்பெனிக்காரர்கள் சுறுசுறுப்பானவர்கள், உடனே திருத்திவிட்டார்கள்.

தன் பெயரைத் தட்டினாள். இப்போது ஒழுங்காக வந்தது, ஷிஜியின் மேற்கோளோடு. மனசு நிறையவில்லை. மனோகரன் என்று தட்டினாள். எத்தனையோ மனோகரன்கள் வந்தார்கள், இயந்திரவியலில், வரலாற்றில், வணிகத்தில். கடைசிப் பக்கம்வரை பார்த்தாள். அவளுடைய நைனா அதில் இல்லை.